கொடிக்கயிறு: புதிய பதிவு

டிபன் பாக்ஸைத் திறந்து முதல் வாய் எலுமிச்சை சாதத்தை எடுத்தபோது மடியிலிருந்த கைப்பை ஒருமுறை அதிர்ந்தது. சாதத்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு காத்திருந்தேன். ஒன்றோடு நின்றால் பேங்க், ஒன்றோடு நின்றால் கேஸ் சிலிண்டர், ஒன்றோடு நின்றால் யாரோ எனக்குக் கடன் கொடுத்தே தீருவோம் என்கிறார்கள். இரண்டாவது வந்தது, மூன்று, நான்கு, சரி, அவள்தான், கும்பகோணத்தில் உட்கார்ந்துகொண்டு திருச்சியில் என் மத்தியானச் சாப்பாட்டில் மண்ணைப் போடுகிறவள், ஐந்து, ஆறு. எதிரே வஞ்சிரம் வறுவலைப் பிய்த்துக்கொண்டிருந்த பெனிட்டா, மேடம் போன் விடாமல் அடிக்கிறதே, ஏதாவது அவசரமாக இருக்கப்போகிறது, எடுங்கள் என்றாள். அவசரமெல்லாம் இல்லையம்மா, மெயில்தான் என்றேன். ஒரே மெயிலா இத்தனை தடவை வரும் என்று கேட்பாளோ என்று பயமாக இருந்தது, கேட்கவில்லை, நல்ல பெண், அடுத்தவர் பையை எட்டிப் பார்க்காத பெண், எங்கள் தேர்வுப் பிரிவில் அப்படி ஒருத்தி இருப்பதே அதிசயம். எட்டு, ஒன்பது, பத்து. பத்தோடு நின்றது. பத்து விலாசம், பத்துப் பெயர், ஒரே போன், ஒரே பை, ஒரே வயிற்றெரிச்சல்.

எழுதிவிட்டாள். இன்றைக்கு வியாழன், செவ்வாய்தானே ஒன்று போட்டாள், அவள் மாடி வீட்டுக்காரி மழை வருகிறதா என்று பார்க்கக் கையை நீட்டிக்கொண்டு நிற்பதைப் பற்றி. அதற்குள் இன்னொன்று. எனக்கு ஒரு கதைக்கு இரண்டு மாதம் ஆகும். ஆகும் என்கிறேன் பார், கடைசிக் கதை வார இதழில் வந்து இருபத்தைந்து வருஷம் ஆகிறது, அந்த இதழே நின்றுபோய்விட்டது. போனை எடுக்கக் கூடாது, சாப்பிட்டு முடித்துக் கை கழுவிவிட்டுத்தான் பார்க்க வேண்டும், அவ்வளவு மரியாதை போதும் அவளுக்கு. சாதத்தில் உப்பு இல்லை. காலையில் போட்டேனா, போட்டேன், நாக்குதான் செத்துவிட்டது. இந்த நிமிஷம் எத்தனை பைகள் அதிர்ந்திருக்கும், மதுரையில் ஒரு வங்கி கவுண்டரில், சென்னையில் மின்சார ரயிலில் தொங்கிக்கொண்டு வருகிறவன் சட்டைப்பையில், துபாயில், டொரோண்டோவில், அங்கே இப்போது என்ன நேரம், தூக்கத்தில் எழுந்து பார்ப்பார்களோ. ‘கொடிக்கயிறு: புதிய பதிவு.’ ப்ளாக்குக்கு வைத்த பெயரைப் பாருங்கள், கொடிக்கயிறாம். அந்தப் பெயர் எனக்கு ஏன் தோன்றவில்லை என்று ஐந்து வருஷமாக நினைக்கிறேன். நானும்தான் தினமும் துணி காயப்போடுகிறேன்.

எழுதுகிறவள் நான். அதை ஒரு தடவை சொல்லிவிடுகிறேன், யாரிடம் சொல்கிறேன், தெரியாது, இந்த ஊறுகாயிடம் சொல்கிறேன். இதே பெண்கள் ஓய்வறையில், இதே தகர மேஜையில், இப்போது பெனிட்டா உட்கார்ந்திருக்கும் அதே இடத்தில்தான் இந்தக் கொடிக்கயிறுக்காரி இந்திராணி அப்போது உட்கார்ந்திருப்பாள். நான் கதையை நீட்டுவேன், அவள் இடது கையால் வாங்கி, வலது கையால் சாப்பிட்டுக்கொண்டே படிப்பாள், காகிதத்தில் ஒரு சொட்டுக் குழம்பு பட்டதில்லை. ஒன்பது வருஷம், பதினேழு கதை. படித்து முடித்ததும் ரொம்ப நன்றாக இருக்கிறது என்றெல்லாம் சொல்லமாட்டாள். கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்து, ரெண்டாம் பக்கம் இழுக்குதுடி என்பாள். எனக்குக் கோபம் வரும், பிறகு, சொல்லு, பேனா எடுத்துக்கிறேன் என்பேன். எப்போதும் இழுக்கும் இடத்தைச் சரியாகச் சொன்னாள், அதுதான் ஆத்திரம். அவள் காட்டிய இடத்தில் வெட்டினால் கதை மூச்சு விடும். அப்போதெல்லாம் இவள் ஒரு வரி எழுதியதில்லை, லீவ் லெட்டர்கூட என்னைத்தான் எழுதச் சொல்வாள். எழுதுகிறவளுக்கு ஒரு நாற்காலி, படிக்கிறவளுக்கு ஒரு நாற்காலி என்று உலகத்தில் ஒரு ஒழுங்கு இருந்தது. நான் எழுதுவது நின்றது, எப்படி நின்றது என்று எனக்கே தெரியாது, யாரும் சண்டை போடவில்லை, கை உடையவில்லை, ஒரு கதை முடியவில்லை, அடுத்ததை ஆரம்பிக்கவில்லை, அவ்வளவுதான். அவள் சில வருஷம் கேட்டாள், பிறகு கேட்பதையும் விட்டுவிட்டாள். அப்புறம் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு கும்பகோணத்துக்கு மகன் வீட்டோடு போய்விட்டாள். அங்கே போன ஆறாவது மாதம் ஒரு போன், ஒருநாள் சாயங்காலம், நான் மிக்ஸியில் தேங்காய் அரைத்துக்கொண்டிருந்தபோது.

லோகா, நான் ஒரு ப்ளாக் ஆரம்பிச்சிருக்கேன், சும்மா மனசுல தோணுறத எழுதுறேன், நீ படிச்சிட்டு சொல்லணும், நீதான் சொல்லணும் என்றாள். குரலில் ஒரு கூச்சம். மிக்ஸியை அணைத்தேன் என்று நினைவிருக்கிறது, தேங்காய் பாதிதான் அரைபட்டிருந்தது. எனக்கு எங்கடி நேரம், அரியர் விண்ணப்பம் மலையாகக் கிடக்கிறது, தவிர நான் இந்த கம்ப்யூட்டர் சமாசாரமெல்லாம் பார்ப்பதில்லை என்று சொன்னேன். சொல்லிவிட்டு, போனை வைத்த அரை மணி நேரத்தில் எல்லாவற்றையும் படித்தேன், நான்கு பதிவு இருந்தது. நன்றாக இருந்தது. இதைச் சொல்லத்தான் இத்தனை சுற்றுகிறேன், நன்றாக இருந்தது, இழுக்கவே இல்லை, ஒன்பது வருஷம் என்னை வெட்டி வெட்டிக் கத்தியைத் தீட்டிக்கொண்டிருக்கிறாள். அன்றைக்கு ராத்திரி சாம்பாரை யாரும் சாப்பிடவில்லை, தேங்காய் திப்பியாக இருந்தது. மறுநாள் மத்தியானம் இதே மேஜையில் ஒரு புது மெயில் விலாசம் உண்டாக்கினேன். மேஜைமேல் கிடந்த ஒரு விண்ணப்பத்தில் பையனின் அப்பா பெயர், இன்னொரு விண்ணப்பத்தின் ஊர். பேராசிரியர் கலிவரதன், விழுப்புரம். கலிவரதன் சார் எழுதினார்: அம்மையாரே, வீட்டுக் கதைகளை இலக்கியம் என்று எண்ணி மயங்க வேண்டாம். அனுப்பும்போது கீழே ஒரு கட்டம் இருந்தது, புதிய பதிவுகளை மின்னஞ்சலில் அனுப்பவும் என்று. முப்பத்தைந்து வருஷமாக நான் பார்க்கும் வேலை என்ன, மாணவர்களின் விண்ணப்பத்தில் ஒரு கட்டம் காலியாக இருந்தால் திருப்பி அனுப்புவது. கட்டத்தைக் கண்டால் என் விரல் தானாகப் போய் டிக் அடிக்கும். அடித்தது. இப்படித்தான் பத்தும். கலிவரதன் தனியாகத் தெரிகிறாரே என்று அவரை ஆமோதிக்க மணப்பாறை சவரிமுத்து. எதுவுமே புரியவில்லை என்று சொல்ல சிங்கப்பூர் வெண்ணிலா. ஒரு ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், ஒரு பல் டாக்டர், யார் யாரோ, வயிறு எரிந்த நாளுக்கெல்லாம் ஒருவர். ஒவ்வொருவரும் போகிற போக்கில் அந்தக் கட்டத்தில் டிக் அடித்துவிட்டுப் போனார்கள். அதை எடுக்கவும் தெரியும் எனக்கு, மெயிலுக்கு அடியிலேயே பொடி எழுத்தில் ‘இனி வேண்டாம்’ என்று இருக்கிறது, பல தடவை விரலைக் கொண்டுபோயிருக்கிறேன். அழுத்தினால் அவள் எழுதுவது எனக்குத் தெரியாமல் போய்விடும், எனக்குத் தெரியாமல் அவள் நன்றாக எழுதிவிட்டால் என்ன செய்வது.

அவள் யாரையும் கோபித்துக்கொண்டதில்லை. அதுவும் ஒரு அடி. கலிவரதன் ஐயா, நீங்கள் சொன்னதை யோசித்தேன், கடைசிப் பத்தியை எடுத்துவிட்டேன், இப்போது பாருங்கள் என்று பதில் எழுதுவாள். எடுத்திருப்பாள், நன்றாகவும் ஆகியிருக்கும். நான் திட்டித் திட்டி அவளை வளர்த்துக்கொண்டிருந்தேனோ என்று சந்தேகம். பெனிட்டா ஒரு துண்டு மீனை என் மூடியில் வைத்தாள், மேடம் நீங்க வியாழக்கிழமை சாப்பிடுவீங்கதானே என்று, சாப்பிடுவேன் என்றேன், மீனுக்கும் ருசி இல்லை. அரியலூர் பட்டம்மாள் கதைதான் எல்லாவற்றிலும் கேவலம். மூன்று வருஷம் முன்பு, ஆஸ்பத்திரியில் டோக்கன் வாங்கி உட்கார்ந்திருக்கிற இரண்டு பெண்கள் ஒருவர் செருப்பை ஒருவர் மாற்றிப் போட்டுக்கொண்டு போய்விடுவதைப் பற்றி எழுதினாள், ஒன்றரைப் பக்கம்தான். படித்துவிட்டு ஓய்வறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். ஏதாவது சொல்லாமல் இருக்க முடியவில்லை. கலிவரதன் சொல்ல முடியாது, சவரிமுத்து அவர் ஆள், லோகநாயகியோ எதையும் படிப்பதே இல்லை. ஆகவே பட்டம்மாள் பிறந்தாள், பிறந்து ஒரே வரி எழுதினாள்: நீங்கள் எழுதியதைப் படித்ததும் என் செருப்பைக் குனிந்து பார்த்தேன். அதற்கு இந்திராணி மூன்று பத்தி பதில் போட்டாள், அன்புள்ள பட்டம்மாளுக்கு என்று, நாம் எங்கேயோ பேசியிருப்பதுபோல் இருக்கிறது என்று. எனக்குப் பட்டம்மாள்மேல் வந்த பொறாமை இந்திராணிமேல்கூட வந்ததில்லை. யார் அந்தப் பட்டம்மாள், நேற்று வந்தவள், என் தோழிக்கு அவள் யார். அதற்கப்புறம் அவளை ஒரு பின்னூட்டம் போட விடவில்லை, வாயை அடைத்து வைத்துவிட்டேன்.

போன ஐப்பசியில் எனக்குச் சிக்குன்குனியா வந்து மூன்று வாரம் படுத்தேன், விரல் ஒன்றும் மடங்கவில்லை, தம்ளரை இரண்டு உள்ளங்கையாலும் பிடித்துக் குடித்தேன். இந்திராணி தினமும் போன் செய்வாள், மருமகள் ஸ்பீக்கரில் போட்டுத் தலையணையில் வைப்பாள். கஞ்சி குடிச்சியா என்பாள், மூட்டு வீக்கம் வடிஞ்சுதா என்பாள், கடைசியில் தவறாமல், போனைப் பிடிக்க முடியுதா என்பாள். முடியலடி. சரி, சரி, தூங்கு. அந்த மூன்று வாரத்தில் அவள் நான்கு பதிவு போட்டிருக்கிறாள், நான் எழுந்து உட்கார்ந்து பார்த்தேன், நான்குக்கும் ஒரு பின்னூட்டம் இல்லை, ஒரே ஒரு ஆள்கூட வாயைத் திறக்கவில்லை. மூட்டு வலியிலும் எவ்வளவு சந்தோஷம். மவுசு குறைந்துவிட்டது, ஜனங்களுக்கு அலுத்துவிட்டது என்று நினைத்து அன்றைக்கு இரண்டு இட்லி கூடுதலாகச் சாப்பிட்டேன். பிறகு ஆபீஸுக்கு வந்த முதல் நாள் மத்தியானமே கலிவரதன் சாரை அனுப்பி, எழுத்தில் தொய்வு தெரிகிறது என்று சொல்லவைத்தேன். நன்றி ஐயா, நலமாக இருக்கிறீர்களா, வெகுநாளாகக் காணோமே என்று பதில் போட்டாள். எல்லோரிடமும் இந்தக் குழைவு. எனக்கு அடுத்த பங்குனியில் ரிட்டயர்மெண்ட். அதற்கப்புறம் மத்தியானம் ஒன்றேகாலுக்கு இந்த மேஜை இருக்காது, பைக்குள் அதிரும்போது எதிரே மருமகள் இருப்பாள், பத்துத் தடவை ஏன் அதிர்கிறது அத்தை என்று அவள் கேட்பாள், அவள் பெனிட்டா இல்லை, கேட்பாள். எழுதலாமே, ரிட்டயர் ஆனதும் எழுதலாமே என்று எல்லோரும் சொல்கிறார்கள், அந்த வார்த்தையைக் கேட்டாலே விரல் மறுபடி வீங்குகிறது.

கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தேன், ஒன்று முப்பத்தெட்டு. பெனிட்டா நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கலிவரதன் சாரின் மெயிலைத் திறந்தேன், முதல் அடி எப்போதும் அவர் அடிப்பதுதான் வழக்கம். தலைப்பு, ‘ஐந்து வருஷம், பதினோரு பேர்’. கொடிக்கயிற்றுக்கு இன்றோடு ஐந்து வருஷம் ஆகிறதாம். மின்னஞ்சலில் என்னைத் தொடர்கிறவர்கள் மொத்தம் பதினோரு பேர் என்று எழுதியிருந்தாள். நூற்றுப் பதினொன்றில் நூறு விட்டுப்போயிருக்கும் என்று மறுபடி படித்தேன். பதினோரு பேர். துபாய் எங்கே, டொரோண்டோ எங்கே, மின்சார ரயிலில் தொங்குகிறவன் எங்கே. ஒவ்வொருவர் பெயரையும் சொல்லி நன்றி சொல்ல வேண்டும் என்று ஆசை என்றாள், சொல்லவும் ஆரம்பித்தாள். கலிவரதன் ஐயாவுக்கு, என்னைத் தூங்கவிடாமல் வைத்திருந்ததற்கு. சவரிமுத்துவுக்கு, அவரைத் தனியே விடாததற்கு. சிங்கப்பூர் வெண்ணிலாவுக்கு, புரியும்படி எழுதக் கற்றுக்கொண்டேன் அம்மா. தலைமையாசிரியர், பல் டாக்டர், நான் ஒவ்வொருவராக விரல் மடக்கிக்கொண்டே வந்தேன், வெளியாள் ஒருவர் வரட்டும், ஒரே ஒரு வெளியாள், நான் வேண்டினேன் என்றே சொல்ல வேண்டும். மூன்றாவது பத்தி முழுக்கத் தன் சமையலறை ஜன்னலைப் பற்றி எதற்கோ எழுதிவிட்டு மறுபடி பெயர்களுக்கு வந்தாள். பத்தாவது, அரியலூர் பட்டம்மாளுக்கு, ஒரு வரி சொல்லிவிட்டுப் போனவளே, அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு மூன்று வருஷம் எழுதினேன். இரண்டு கையிலும் பத்து விரலும் மடங்கிவிட்டன, போன் மடியில் கிடந்தது. பதினோராவது, மெயில் ஒழுங்காகப் போகிறதா என்று பார்க்க நானே போட்டுக்கொண்ட என் இன்னொரு விலாசம் என்று எழுதியிருந்தாள். ஆக, யாருமே இல்லை. ஐந்து வருஷமாக நான் பார்த்து எரிந்த கூட்டத்தில் என்னைத் தவிர ஒரு ஆள் இல்லை.

சிரிப்பு வந்திருக்க வேண்டும், வரவில்லை. இன்னும் நான்கு வரி மிச்சம் இருந்தது, பெனிட்டா லேசாகக் குறட்டை விட்டாள், மின்விசிறி டக்டக்கென்று தலைக்குமேல் சுற்றியது. எழுதியிருந்தாள்: ஒருத்தி படிக்க வேண்டும் என்றுதான் இதை ஆரம்பித்தேன். அவள் எழுதுகிறவள், நான் அவள் எழுதியதைப் படித்துச் சொல்லிக்கொண்டிருந்தவள். அவளுக்கு நேரமில்லை, அவள் பெயர் இந்தப் பதினொன்றில் வரவே இல்லை. அவளுக்காகக் கட்டிய கயிறு, அவள் வரப்போவதில்லை என்று ஆனபின் எதற்கு என்று நேற்று முழுக்க யோசித்தேன், இன்றோடு அவிழ்த்துவிடலாம் என்று இருக்கிறேன். முடிந்தது. அதற்குக் கீழே அந்தப் பொடி எழுத்து, இனி வேண்டாம் என்றால் இங்கே அழுத்தவும். ஐந்து வருஷமாக இதைத்தானே கேட்டேன், நிறுத்தித் தொலையக்கூடாதா என்று ஒவ்வொரு செவ்வாயும் கேட்டேனே, நிறுத்துகிறாள். ஒன்று நாற்பத்தேழு. நாளைக்குச் சாப்பிட உட்கார்வேன், பை அதிராது. பேங்க் அதிரும், கேஸ் சிலிண்டர் அதிரும், ஒன்றோடு நின்றுவிடும். திங்களும் அப்படியே. ஒரு சொட்டுக் குழம்பு படாமல் என் காகிதத்தைப் பிடித்த அந்த இடது கை ஞாபகம் வந்தது. பட்டம்மாளை எழுப்பிக் கேட்கச் சொல்லலாமா, நிறுத்தாதீர்கள் அம்மா என்று சொல்லச் சொல்லலாமா என்று நினைத்தேன், பட்டம்மாள் சொன்னால் இவள் கேட்பாள், கேட்டு, அன்புள்ள பட்டம்மாளுக்கு என்று மறுபடி மூன்று பத்தி எழுதுவாள். அதை மட்டும் என்னால் தாங்க முடியாது. அந்த மூன்று பத்தி என்னுடையது.

ப்ளாக்கைத் திறந்தேன். வலது பக்கம், மின்னஞ்சலில் பெற. பெயர் என்ற கட்டத்தில் லோகநாயகி என்று போட்டேன், எழுத்து எழுத்தாக, முதல் தடவை விண்ணப்பம் நிரப்புகிற பையன் மாதிரி. விலாசம், என் சொந்த விலாசம், சம்பளச் சீட்டு வருகிற விலாசம். போன் பதினோராவது முறையாக அதிர்ந்தது, உறுதிசெய்ய இங்கே அழுத்தவும் என்று வந்தது. ஓடிப்போய் ஏதாவது ஃபைலுக்குள் தலையை விட்டுக்கொள்ளலாம், இன்னும் நேரம் இருக்கிறது, இரண்டு மணிக்குப் பெல் அடித்தால் எல்லாம் தானாக முடிந்துவிடும். அழுத்தினேன். கட்டம் காலியாக இல்லை, திருப்பி அனுப்ப முடியாது. டிபன் பாக்ஸின் மூன்று அடுக்கையும் மாட்டிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது, அதிர்வு இல்லை, நிஜமாகவே அடித்தது, திரையில் இந்திராணி. பெனிட்டா கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொண்டாள். எடுத்துக் காதில் வைத்தேன்.

“பன்னெண்டாவதும் நீதானாடி?” என்றாள்.

என்ன சொல்கிறாய், எனக்கு ஒன்றும் புரியவில்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன், அவள் விடவில்லை. “உனக்குச் சிக்குன்குனியா வந்தப்ப என்னோட பத்து பேரும் சேர்ந்து படுத்துட்டாங்க, லோகா. உனக்கு விரல் மடங்குனப்பறம்தான் கலிவரதன் சாருக்கே கோபம் திரும்பி வந்துச்சு. அதுவும் ஒண்ணேகாலுக்கு மேல, ரெண்டு மணிக்குள்ள.” குரலில் சிரிப்பு இல்லை, கோபமும் இல்லை. தினமும் போனைப் பிடிக்க முடியுதா, போனைப் பிடிக்க முடியுதா என்று தலையணையில் கேட்ட குரல். முதலிலிருந்தே தெரியுமா என்று கேட்டேன், எனக்கே கேட்காத குரலில். மூணாவது ஆள் வந்தபோதே சந்தேகம் வந்துவிட்டது என்றாள். “பட்டம்மாள் வந்தப்ப மட்டும் குழம்பிட்டேன்டி. இது நீயா இருக்காதுன்னு நினைச்சேன்.”

சுவர்க் கடிகாரத்தில் ஒன்று ஐம்பத்தைந்து. மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தெரிந்தது, அதற்கு ஒரு கட்டம் இருந்தால் நிரப்பியிருப்பேன். இவள் நன்றாக எழுதுகிறாள் என்ற எரிச்சல் அப்போதும் நெஞ்சில் அப்படியே இருந்தது, ஒரு துளி குறையவில்லை, பொய் சொல்லமாட்டேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டேன். போனைக் காதிலிருந்து எடுத்து, இன்றைக்குப் போட்ட பதிவை ஒரு தடவை மேலிருந்து கீழே தள்ளிப் பார்த்துவிட்டு மறுபடி காதில் வைத்தேன், அவள் அந்தப் பக்கம் காத்திருந்தாள், அவள் சமையலறையில் குழாய் சொட்டுவது எனக்குக் கேட்டது.

“மூணாவது பத்தி இழுக்குதுடி” என்றேன்.

அந்தப் பக்கம் எங்கேயோ ஒரு டிராயரை இழுக்கிற சத்தம் வந்தது.

“சொல்லு” என்றாள். “பேனா எடுத்துக்கிறேன்.”